வெறும் வயிற்றில் வந்த பரோட்டா மாஸ்டர்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் சோதனைக்கூடத்தில் தொழில்நுட்பராக இருக்கிறேன். "தலையில ஒயர் ஒட்டுவா, கையில கரண்ட் வைப்பா" என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் என் வேலையை விளக்கி வைத்திருக்கிறார். பெரிய தப்பில்லை. இங்கே நான் எழுதுவது எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றி. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வயது, வட்டாரம் போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 57 என்று வைத்துக்கொள்ளுங்கள். யீஷுன் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் பரோட்டா மாஸ்டர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஓடிவிட்டது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து மோட்டார்சைக்கிளில் கடைக்குப் போய், 4 மணிக்கெல்லாம் மாவில் கை வைத்துவிடுவார். 14 ஆண்டுகளாக நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மெட்ஃபார்மின், கிளிபிசைட் என்று இரண்டு சர்க்கரை மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். வலது கை இரண்டு வருடமாக மரத்துப்போகிறது. இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து கையை உதறு உதறென்று உதறினால்தான் உணர்வு வரும். அதற்கு அவர் செய்த வைத்தியம் கோடாலித் தைலம், ஒரு மாலிஷ்காரர், அப்புறம் வைட்டமின் மாத்திரை. ஒரு மருந்தகத்தில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் கழுத்தில் ஏதாவது தேய்மானம் தெரியும். கைக்கும் கழுத்துக்கும் முடிச்சுப் போடப் படம் மட்டும் போதாது.

அவரை எங்களிடம் கொண்டுவந்தது கை இல்லை. ஒரு நாள் காலை கடையிலேயே விழுந்துவிட்டார்.

விழுந்த காலை

உதவிக்கு இருந்த தம்பி சொன்னது இது. காலை 8 மணி இருக்கும். கல்லுக்கு முன்னால் நின்றவர் கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை, எங்கேயோ வெறித்துப் பார்த்தார். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அப்படியே சரிந்தார். கைகால் ஒரு நிமிடம் போல் வெட்டி வெட்டி இழுத்தது. தம்பி ஓடிப்போய்க் கடைச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்திருக்கிறார். ஊரில் பார்த்த பழக்கம். இரும்புக்கும் வலிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அந்தப் பெயரைச் சாவிக்கொத்து தட்டிக்கொண்டு போகிறது. செய்ய வேண்டியது வேறு: சுற்றியிருக்கும் பொருளை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கடிகாரத்தைப் பார்த்தவர் தட்டு எடுக்கும் அக்கா ஒருவர்தான். 5 நிமிடம் தாண்டினால் நிச்சயம் ஆம்புலன்ஸ் எண் 995. தம்பி உடனே அழைத்தது நல்லது.

அவர் அரைகுறையாகக் கண் திறந்ததும் யாரோ கெட்டிப்பால் ஊற்றிய சூடான தே, அதாவது தேநீர், ஒரு கிளாஸ் புகட்டியிருக்கிறார்கள். முழு நினைவு திரும்பும் முன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவருக்கு நல்ல நேரம், இறங்கவில்லை. ஆனால் அந்த ஒரு கிளாஸ் தே இந்த நிகழ்வையே குழப்பியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவசர மருத்துவ வண்டியில் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 5.8 (இங்கே லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு). சரியாக இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் சிடி ஸ்கேன், இசிஜி, இரத்தச் சோதனை எல்லாம் சுத்தம். "சாப்பிட்டீங்களா?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "தே குடிச்சேன்" என்றிருக்கிறார். பொய்யில்லை. எப்போது குடித்தார் என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, அதுவரை மோட்டார்சைக்கிள் ஓட்ட வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்கள்.

நரம்பியல் மருத்துவர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தவுடன் வேறொன்றைக் கவனித்தார். வலது கட்டைவிரலின் அடிமேடு குழி விழுந்திருந்தது. ஆக, இரண்டு கேள்விகள் ஆயின. விழுந்தது வலிப்பு நோயாலா? கை மரத்துப்போவது எந்த இடத்துக் கோளாறால்? முதல் கேள்விக்கு மூளை மின்னலைப் பதிவு, அதாவது இஇஜி. இரண்டாவதற்கு நரம்புக் கடத்தல் சோதனையும், தசைக்குள் ஊசி வைத்துப் பார்க்கும் இஎம்ஜியும்.

ஸ்கேன் எடுத்தாயிற்றே, இதெல்லாம் எதற்கு என்று நிறையப் பேர் கேட்பார்கள். ஸ்கேன் என்பது வீட்டின் புகைப்படம். சுவர், கதவு, விளக்கு எல்லாம் தெரியும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியுமா என்று புகைப்படத்தில் தெரியாது. நாங்கள் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறவர்கள்.

தவறவிட்ட தேதி

முதல் தேதிக்கு அவர் வரவில்லை. காரணத்தை அவர் மனைவி பிறகு சொன்னார். "தலையில கரண்ட் வைப்பாங்களாமே தங்கச்சி. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வைக்கிற மாதிரி." யாரோ பழைய படக் காட்சியை எடுத்துச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு 'காக்கா வலிப்பு' என்று வெளியே தெரிந்தால்? இந்தக் கவலையை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்றும் உண்டு, அது நம் மொழியின் சிக்கல். 'நரம்பு' என்ற ஒரே சொல்லுக்கு நாம் இரண்டு வேலை கொடுத்திருக்கிறோம். "நரம்புல ஊசி போட்டாங்க" என்றால் அது இரத்தக்குழாய். "நரம்புத் தளர்ச்சி" என்றால் ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆகவே "நரம்பு டெஸ்ட்" என்றதும் ஒருவர் இரத்த ஓட்டம் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பார், இன்னொருவர் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார். நான் இப்போதெல்லாம் "மூளைக்கும் கைக்கும் நடுவுல செய்தி கொண்டு போற ஒயர்" என்று தொடங்கிவிடுகிறேன். கொச்சையாக இருக்கலாம், ஆனால் புரிந்துவிடுகிறது.

சாப்பிட்டுட்டு வந்தீங்களா, அங்கிள்?

இரண்டாவது தேதிக்கு வந்தார், மனைவியோடு. குறுஞ்செய்தியில் இருந்த ஆங்கிலக் குறிப்பை மகள் படித்துச் சொல்லியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரவும். அதைத் தவறாமல் செய்திருந்தார். எண்ணெய்த் தலையில் ஒயர் நுனியில் இருக்கும் மின்முனை ஒட்டவே ஒட்டாது. நம் பெரியவர்களிடம் இதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும், மருத்துவமனைக்குப் போகிறோமே என்று அன்றுதான் இன்னும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வருவார்கள்.

முதல் நாள் இரவு குறைவாகத் தூங்கிவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். தூக்கக் குறைவும் தூக்கமும் மறைந்திருக்கும் வலிப்பு அலைகளை வெளியே கொண்டுவரும். "அது எனக்குத் தினமும் நடக்கிறதுதானேம்மா" என்றார்.

எங்கள் படிவத்தில் ஒரு வரி உண்டு. கடைசியாக உணவு உண்ட நேரம். பலர் அதை ஒப்புக்கு நிரப்புவார்கள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டே கேட்டேன்.

"சாப்பிட்டுட்டு வந்தீங்களா, அங்கிள்?"

"இல்லம்மா. நேத்து ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டது. வெறும் வயிறு." பெருமையாகச் சொன்னார்.

"சர்க்கரை மாத்திரை?"

"அது காலையில போட்டுட்டேன். அதை மட்டும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே."

எங்கள் அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும், நானே கம்பளிச் சட்டை போட்டிருந்தேன். அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. பேச்சும் கொஞ்சம் இழுத்தது. தாதியைக் கூப்பிட்டேன். விரலில் குத்திப் பார்த்தால் 3.3. நாங்கள் 4-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டிய அளவு என்று பார்ப்போம். உடனே 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்ததில் 4.6. பிறகு ரொட்டியும் பிஸ்கட்டும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் அவர் மனைவி வாயைத் திறந்தார். "அன்னைக்கும் இதே மாதிரிதான் வேர்த்துச்சாம் தங்கச்சி." அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை. அன்று 9.30-க்குப் பலதுறை மருந்தகத்தில் வெறும் வயிற்று இரத்தச் சோதனை. விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்து வீசியிருக்கிறார், 6 மணிக்கு வழக்கப்படி மாத்திரையைப் போட்டிருக்கிறார், 8 மணிக்கு விழுந்திருக்கிறார். அப்போ அந்தத் தே? "அது எழுந்ததுக்கு அப்புறம் குடுத்தது."

கிளிபிசைட் போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போட வேண்டியவை. சாப்பாடு வரவில்லை என்று மாத்திரைக்குத் தெரியாது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். அளவுக்கு மீறி இறங்கினால் முதலில் வியர்வை, நடுக்கம், குழப்பம், கடைசியில் வலிப்பு. வெறும் வயிற்றுச் சோதனை நாளில் இந்த மாத்திரையைச் சோதனை முடிந்து சாப்பிடும்போது போடச் சொல்வார்கள். அவருக்கும் சொல்லியிருக்கக்கூடும். நினைவில் தங்கியது 'மாத்திரையை விடக் கூடாது' என்ற வாக்கியம் மட்டும்.

நோய் என்னவென்று சொல்வது என் வேலை இல்லை. நான் படிவத்தில் நான்கு வரி எழுதினேன், மருத்துவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். அவ்வளவுதான். ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இஇஜிக்கும் நரம்பு, தசைச் சோதனைகளுக்கும் வெறும் வயிறு தேவையே இல்லை. மருத்துவமனை என்றாலே வெறும் வயிறு என்பது நாமாக வைத்துக்கொண்ட சட்டம். இஇஜிக்கு அது கெடுதலும்கூட. சர்க்கரை குறைந்திருக்கும்போது வேகமாக மூச்சு விடச் சொன்னால் அலைகள் மந்தமாகிப் பெரிது பெரிதாக எழும்பும், படிப்பவருக்கு வீண் சந்தேகம். வழக்கமான மருந்துகளையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னால் தவிர நிறுத்த வேண்டாம்.

தலையில் 21 புள்ளிகள்

ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கினோம். மூக்குக்கு மேல் உள்ள பள்ளத்திலிருந்து பின்தலை மேடு வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பிரித்து மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்போம். தையற்காரர் போல. உலகில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இதே கணக்குத்தான், அதனால்தான் ஒருவருடைய பதிவை இன்னொரு நாட்டில் படிக்க முடிகிறது. புள்ளி வைத்த இடத்தைச் சொரசொரப்பான பசையால் லேசாகத் தேய்த்து, மின்முனையைப் பசையில் ஒட்டுவோம். சிலருக்கு இந்தத் தேய்ப்புத்தான் முழுச் சோதனையிலும் எரிச்சல் தரும் பகுதி. முடியைச் சிரைக்க மாட்டோம்.

"கரண்ட் எப்பம்மா வைப்பீங்க?" என்றார். வைக்கவே மாட்டோம். இந்த ஒயர்கள் காது போல, கேட்க மட்டும் செய்யும். மூளையிலிருந்து மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள்தான். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக மனிதத் தலையிலிருந்து இதைப் பதிவு செய்தார், நம்பி வெளியிட 1929 வரை காத்திருந்தார். கண்ணை மூடினால் ஒரு நொடிக்கு 8 முதல் 13 வரை ஒழுங்காக எழும் அலை, திறந்தால் அடங்கும் அலை, அவர் கண்டதுதான். நம் மாஸ்டருக்குக் கண்ணை மூடியதும் 9 எண்ணிக்கையில் அழகாக ஓடியது.

பதிவு அரை மணி நேரம் போல. கண்ணைத் திற, மூடு. தாடையைத் தளர்த்து. பல்லைக் கடித்தால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். பிறகு 3 நிமிடம் ஆழமாக மூச்சு விட வேண்டும். உதடும் விரல் நுனியும் சிலுசிலுக்கும், லேசாகத் தலை சுற்றும், நிறுத்தினால் போய்விடும். அண்மையில் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கடுமையான இதய நோய் உள்ளவர்களுக்கும் இதைச் செய்ய மாட்டோம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் மூடிய கண்ணுக்கு முன் விட்டு விட்டு எரியும் விளக்கு. வெளிச்சத்தால் வலிப்பு வருபவர்கள் வெகு சிலர், அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அது. விளக்கை அணைத்ததும் அவர் குறட்டை விட்டார். 3 மணிக்கு எழுபவரிடம் தூக்கப் பதிவு வாங்குவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எழுந்ததும் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஏதாவது இருக்காம்மா?" இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. மருத்துவர் முழுப் பதிவையும் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் எழுதுவார், அதற்கு நாட்கள் ஆகும். நான் சும்மா இருந்தால் மோசம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிரித்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல வருடம் பழகியும் இந்த இடத்தில் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அறிக்கை சாதாரணம் என்று வந்தது. மனைவி கோயிலுக்குப் போய் அர்ச்சனையே செய்துவிட்டார். ஆனால் மருத்துவர் அவர்களிடம் சொன்னதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை இஇஜி சாதாரணமாக வந்தால் வலிப்பு நோய் இல்லவே இல்லை என்று ஆகாது. நோய் உள்ளவர்களில் பலருக்கு முதல் பதிவில் ஒன்றும் அகப்படுவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதுதான் அதன் பொருள். இவர் விஷயத்தில் தீர்ப்பைக் கொடுத்தது அலை இல்லை, மாத்திரை போட்ட நேரமும் தே குடித்த நேரமும். சர்க்கரை இறங்கியதால் வந்த வலிப்பு என்று முடிவு செய்து, வலிப்பு மருந்து எதுவும் தொடங்காமல், கிளிபிசைட்டை நிறுத்தி வேறு வகை மாத்திரைக்கு மாற்றினார்கள்.

குளிர்ந்த கை

இரண்டு வாரம் கழித்து நரம்புக் கடத்தல் சோதனை. இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே "இட்லி நாலு" என்றார்.

ஆனால் வெளியே மழை, பேருந்தில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வந்திருக்கிறார். கையின் தோல் வெப்பம் 27.9 டிகிரி. எங்களுக்குக் கையில் 32 வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் நரம்பின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும். குளிர்ந்த கையில் சோதித்தால் நல்ல நரம்பும் நோயாளி நரம்பு போலத் தெரியும், இல்லாத நோய்க்கு அறிக்கை கிடைக்கும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். கோடாலித் தைல வாசம் வேறு. தைலம், கிரீம் எது இருந்தாலும் மின்முனை வழுக்கும், எல்லாவற்றையும் துடைத்தேன். கல்யாண மோதிரம் சோப்புப் போட்டால்தான் கழன்றது. மணிக்கட்டில் இருந்த கோயில் கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை, மேலே தள்ளிவிட்டேன். நூல் எதையும் கெடுக்காது. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

இங்கே கரண்ட் உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுரீர்' என்று ஓடுமே, ஏறக்குறைய அதே உணர்வு. ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். முதலில் என் மணிக்கட்டிலேயே வைத்துக் காட்டினேன், என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவர் முறை வந்தபோது முதல் துடிப்புக்குத் தோள் வரை குதித்தார். மூன்றாவதற்கு, "இவ்வளவுதானா? கல்லுல கை படுறது இதைவிட மோசம்" என்றார்.

நரம்பின் ஒரு முனையில் தட்டி, மறு முனையில் செய்தி எப்போது வந்து சேருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் இதை முதலில் அளந்தார். நம் முன்கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90.

மாஸ்டரின் வலது முன்கையில், கட்டைவிரல் பக்கத்துக்குப் போகும் 'நடு நரம்பு' என்ற நரம்பின் வேகம் பெரிதாகக் கெடவில்லை. மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில்தான் நெரிசல். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் தசைக்குச் செய்தி போய்ச் சேர 4.2 மில்லிநொடிக்குள் ஆக வேண்டும். அவருக்கு 7.4 ஆனது. இடது கையில் 5.2. வலது ஆள்காட்டி விரலிலிருந்து உணர்வுச் செய்தி திரும்பி வரவே இல்லை. சுண்டுவிரல் நரம்பு இரண்டு பக்கமும் நன்றாக இருந்தது. "சுண்டு விரல் மட்டும் எப்பவும் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் முதலிலேயே சொன்னதற்கு அர்த்தம் இதுதான். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டுச் சுரங்கத்துக்குள் நுழைவதில்லை. அந்தச் சுரங்கம் ரொம்பக் குறுகலானது. அடியில் எலும்புகள், மேலே கெட்டியான பட்டை, நடுவில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அங்கே நரம்பு நசுங்குவது அதிகம், அதோடு நாள் முழுக்க மாவு வீசும் மணிக்கட்டு வேறு.

கால்களையும் பார்த்தோம். கெண்டைக்காலின் உணர்வு நரம்பில் செய்தி இரண்டு பக்கமும் பலவீனமாக இருந்தது. இது நீரிழிவு நீளமான நரம்புகளை நுனியிலிருந்து அரிப்பது, கைக் கோளாறிலிருந்து வேறு. மெட்ஃபார்மினை வெகுகாலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இப்படி ஆகலாம், அதை மருத்துவர் ஏற்கெனவே சோதித்திருந்தார், சரியாக இருந்தது. பாதம் எரிகிறது என்று வந்து, இந்தச் சோதனை சாதாரணம் என்று வருபவர்களும் உண்டு. அவர்கள் நடிக்கவில்லை. எங்கள் கருவிக்குப் பெரிய இழைகள்தான் தெரியும், சூட்டையும் வலியையும் சுமக்கும் மெல்லிய இழைகள் தெரியாது.

தகரக் கூரை மழை

அன்றே மருத்துவர் வந்து இஎம்ஜி செய்தார். ஊசியைப் பார்த்ததும் மாஸ்டர் வெளிறிப்போனார். ஒரு முறை மட்டுமே பயன்படுத்தும் மெல்லிய ஊசி, அதன் வழியே கரண்டும் போகாது, மருந்தும் போகாது. அதுவும் காதுதான், தசைக்குள் வைத்த காது. வலிக்காது என்று சொல்பவரை நம்பாதீர்கள், கட்டைவிரல் மேட்டில் வலிக்கும். சில நொடிகள்தான், மறுநாள் லேசாகக் கன்றியிருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் ஊசி எடுப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

ஊசி கேட்பதை ஒலிபெருக்கியில் நாமும் கேட்கலாம். ஓய்வில் இருக்கும் நல்ல தசை பேசாது. அவருடைய கட்டைவிரல் தசையில் ஊசி இறங்கியதும் அறையில் டக்... டக்... டக் என்று சீராகச் சத்தம். "எங்க ஊருல தகரக் கூரையில மழை விழற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார், பாடம் நடத்துபவர்களும் இதே உவமையைத்தான் சொல்வார்களாம். நரம்பின் தொடர்பு அறுந்த தசை நார்கள் தனியாகத் துடிக்கும் ஓசை அது. அடுத்து ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுத் தசை, முன்கை, மேற்கை. எங்கும் மௌனம். கழுத்தில் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் அந்தத் தசைகளில் சிலவாவது பேசியிருக்கும். எக்ஸ்ரே சொன்ன கழுத்துக் கதை அத்தோடு முடிந்தது.

எங்கள் அறையில் வேறு சோதனைகளும் நடக்கும், அவருக்குத் தேவைப்படவில்லை. சாயங்காலமானால் இமை தொங்கும் ஒருவருக்கு நரம்பை நொடிக்கு மூன்று முறை தொடர்ந்து தட்டி, தசையின் பதில் படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்போம். அதற்கு மட்டும் சில மாத்திரைகளை நிறுத்திவிட்டு வரச் சொல்வதுண்டு, மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்வை நரம்புக்கு மாறி மாறி வரும் சதுரங்கக் கட்டங்களைப் பார்க்கச் சொல்வோம், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருபவர்கள் அதிகம்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை. பலதுறை மருந்தகக் கடிதத்தோடு வந்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும், சாஸ் (CHAS) என்ற அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தின் அட்டை உள்ளவர்கள் அத்திட்டத்தில் சேர்ந்த மருந்தகத்தின் வழியாகவும் வரலாம். நேராகத் தனியார் பிரிவுக்குப் போய்விட்டுப் பிறகு மானியம் கேட்டால் இழுபறிதான்.

ஆறு மாதம் கழித்து

வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. கையை மட்டும் மரக்கச் செய்து, சுரங்கத்தின் மேல் பட்டையை வெட்டிவிட்டார்கள், அன்றே வீடு திரும்பினார். இரவில் கை உதறுவது சில வாரங்களில் நின்றது. கட்டைவிரல் மேடு இன்னும் முழுதாக நிரம்பவில்லை. இரண்டு வருடம் தைலத்தோடு கழித்ததற்கான விலை அது என்றுதான் நான் நினைக்கிறேன், அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. இடது கைக்கு இரவில் பட்டை கட்டிக்கொள்கிறார். கால் நரம்புகள் அப்படியேதான் இருக்கின்றன, அதற்கு அறுவை சிகிச்சை கிடையாது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான். புது மாத்திரைக்கு மாறிய பிறகு சர்க்கரை 4-க்குக் கீழே இறங்கவில்லை.

மறுசோதனைக்கு வந்தபோது வலது கையின் 7.4 இறங்கி 5.1-ல் நின்றது, ஆள்காட்டி விரலிலிருந்து சின்னதாக ஒரு செய்தி வரத் தொடங்கியிருந்தது. அன்றைக்கும் மழை. கதவைத் திறந்தால் மாஸ்டர் இரண்டு கையிலும் கயிறு கட்டிய பிளாஸ்டிக் பொட்டலம் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பாலும் சர்க்கரையும் இல்லாத சூடான தே ஓ கோசோங். குடிப்பதற்கு இல்லையாம். யீஷுனிலிருந்து பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பொட்டலங்களை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெப்பமானியைக் கையில் ஒட்டினேன். 32.6.

"என்னம்மா, பாஸா?"